சுண்ணாம்புக் குன்றுகளில் வலசைக் காலம்: கடலுக்கு முன் கடைசிப் புதர்

ஜூன் 21-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் வரும். அது கழிந்து ஓரிரு வாரம் ஆவதற்குள் தெற்குக் கரையோரக் குளங்களில் கிரீன் சேண்ட்பைப்பர் என்னும் உள்ளான் வகை வந்து இறங்கத் தொடங்கிவிடும். ஸ்காண்டிநேவியக் காட்டுச் சதுப்புகளில் முட்டையிட்டு, குஞ்சுகளை ஆணின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தெற்கே கிளம்பிய பெண் பறவைகள்தான் பெரும்பாலும் முதலில் வருபவை. ஊரில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறைகூட விட்டிருக்க மாட்டார்கள். பறவைகளுக்கு அதற்குள் திரும்பும் காலம் தொடங்கிவிட்டது.

அங்கிருந்து ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாதங்கள் தெற்கு இங்கிலாந்தின் வழியாகப் பறவைகள் போய்க்கொண்டே இருக்கும். தென்கிழக்கில் சசெக்ஸ் பகுதியின் சீமைச் சுண்ணாம்புக் குன்றுகளையும் அதன் கடற்கரையையும் வைத்து, இந்தக் கோடைக்கடைசி வலசை, அதாவது பறவைகளின் பருவகால இடப்பெயர்ச்சி, எப்படி நடக்கிறது என்று சொல்லப் போகிறேன். பறவை பார்ப்பதில் நீங்கள் புதியவராக இருந்தாலும் போதும், முன்னறிவு எதுவும் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். வலசைப் பயணத்தின் நாட்களில் பெரும்பகுதியைச் சிறு பறவைகள் காற்றில் கழிப்பதில்லை. புதரிலும் புல்லிலும் சேற்றிலும் உட்கார்ந்து தின்றுதான் கழிக்கின்றன. ஆகவே வலசையைப் பார்க்க விரும்புகிறவர் அண்ணாந்து பார்ப்பதைவிட, கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முட்புதரைப் பொறுமையாகப் பார்ப்பது மேல்.

குன்று, ஆறு, கடல்

சவுத் டவுன்ஸ் என்பது வின்செஸ்டரிலிருந்து கிழக்கே ஈஸ்ட்போர்ன் வரை நீளும் தாழ்வான குன்றுத் தொடர். அதன் முகட்டை ஒட்டிச் செல்லும் நடைபாதை மட்டும் 160 கி.மீ. இந்தப் பகுதி 2010-ல் தேசியப் பூங்கா ஆனது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடியில், நுண்பாசிகளின் மேல் இருந்த சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதுதான் இந்த வெள்ளைப் பாறை. பெய்த மழையை அது அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். அதனால் முகட்டில் ஓடை கிடையாது, மண்ணும் மெல்லிசு. ஆடு மேய்ந்து குட்டையான புல்லும், அங்கங்கே ஹாதார்ன், பிளாக்பெரி முட்புதர்களும் எல்டர் புதர்களும்தான் அங்கே தெரியும். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட மேய்ப்பர்கள் களிமண் மெழுகி அமைத்த வட்டக் குட்டைகள் சில இன்னும் இருக்கின்றன. வறண்ட ஆகஸ்டில் குன்றின் மேல் பறவைகள் குடிப்பதும் குளிப்பதும் அவற்றில்தான்.

இந்தத் தொடர் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வரும் பறவை அதைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆரன், அடூர், ஊஸ், கக்மியர் என்ற நான்கு ஆறுகள் குன்றுகளை வடக்குத் தெற்காக அறுத்துக்கொண்டு கடலில் சேர்கின்றன. கிழக்கு முனையில் பீச்சி ஹெட் என்ற இடத்தில் குன்று அப்படியே கடலில் வெட்டுண்டு நிற்கும். உயரம் 162 மீட்டர், பிரிட்டனின் சீமைச் சுண்ணாம்புக் கடற்பாறைகளில் இதுவே உயரமானது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் ஆங்கிலக் கால்வாய். கிழக்கே டோவருக்குப் போனால் அதன் அகலம் 33 கி.மீ.தான். பீச்சி ஹெட்டுக்கு நேர் எதிரே பிரெஞ்சுக் கரையைத் தொட ஏறக்குறைய 100 கி.மீ. பறக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்குத் திண்ணை எப்படியோ அப்படித்தான் வலசைப் பறவைக்கு இந்தக் கரையோரக் குன்றுகள். வழிப்போக்கர் இரவு வந்து சாய்வார்கள், கையில் இருப்பதைத் தின்பார்கள், நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். இன்று பார்த்த பறவை நாளை அங்கே இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அதே புதரில் நாளை வேறொன்று இருக்கும்.

பகலில் தீனி, இரவில் பயணம்

கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், ரெட்ஸ்டார்ட் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும். உடல் சூடேறாது, நீர் இழப்பு குறையும். வல்லூறும் பைரியும் பெரும்பாலும் துரத்தாது. அதற்கும் மேலாக, பகல் முழுவதும் தின்னக் கிடைக்கிறது. பூச்சி தின்னும் பறவை இரவில் வேட்டையாட முடியாது. பகலையும் பறப்பதில் செலவழித்தால் அது எப்போது சாப்பிடுவது?

தகைவிலான், உழவாரக் குருவி, வாலாட்டி, நெட்டைக்காலி இவற்றின் வழக்கம் வேறு. தகைவிலானும் உழவாரக் குருவியும் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பவை, அதனால் பகலில் போவதில் அவற்றுக்கு நஷ்டமில்லை. செப்டம்பர் காலைகளில் பீச்சி ஹெட் மேலாகத் தகைவிலான்களும் ஹவுஸ் மார்ட்டின்களும் ஆயிரக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பலவும் உடனே கடலுக்குள் இறங்காமல், கரையை ஒட்டியே கிழக்காக நகரும். கடல் குறுகும் பக்கம் அதுதான்.

கொழுப்பு என்னும் கட்டுச்சோறு

வில்லோ வார்ப்ளர் என்னும் கதிர்க்குருவியின் எடை 10 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அது ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்தையே தாண்டிப் போகிறது. இது எப்படி முடிகிறது என்பதற்கு விடை கொழுப்பில் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் மாவுச்சத்தையோ புரதத்தையோ போல இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும். எரியும்போது கொஞ்சம் தண்ணீரும் உண்டாகும்.

பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டி ஆய்வு செய்பவர்கள் இந்தக் கொழுப்பை நேராகக் கண்ணால் பார்ப்பார்கள். வலையில் சிக்கிய குருவியை இரண்டு விரலுக்கு இடையில் கழுத்து வரும்படி மெதுவாகப் பிடித்து, மார்பின் மேல் 'ஃபூ' என்று ஊதுவார்கள். இறகுகள் விலகும். அடியில் தோல் கண்ணாடி போல மெல்லியது. கழுத்தடியில் கவை எலும்புக்கு நடுவே ஒரு சின்னக் குழி உண்டு. குஞ்சு வளர்க்கும் காலத்தில் அந்தக் குழி வெறுமையாக இருக்கும், கருஞ்சிவப்புத் தசைதான் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் பிடித்த பறவையில் அதே குழி வெண்ணெய் நிறத்தில் நிரம்பிப் புடைத்துக்கொண்டு நிற்கும். வயிற்றிலும் மஞ்சள் திட்டுகள். அந்தக் குருவி கிளம்பத் தயார் என்று அர்த்தம்.

செட்ஜ் வார்ப்ளர் என்னும் நாணல் குருவி இந்த விஷயத்தில் எல்லையைத் தொடுகிறது. வழக்கமாக 10, 12 கிராம் இருக்கும் அது, நாணலில் மொய்க்கும் ஒருவகை அசுவினிப் பூச்சியைத் தின்று தின்று எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். கிழக்கு சசெக்ஸில் ரை நகரைச் சுற்றியுள்ள நாணல் சதுப்புகள் இதற்குப் பேர்போனவை. அப்படி நிரப்பிக்கொண்டால் சகாராவுக்குத் தெற்கு வரை வழியில் மறுபடி நிரப்பாமலே போகும் வலு அதற்கு உண்டு.

குன்றின் மேல் நாணல் இல்லை. அங்கே பழம்தான் தீனி. ஆகஸ்டில் பிளாக்பெரியும் எல்டர் பழமும் கனியும்போது, கோடை முழுக்கப் பூச்சி மட்டும் தின்ற கதிர்க்குருவிகள் பழத்துக்கு மாறிவிடும். பழத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, சர்க்கரையை உடல் சீக்கிரம் கொழுப்பாக்கிக்கொள்ளும். ஒரு எல்டர் புதரின் கீழ் இலைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஊதா நிற எச்சம் தெறித்திருந்தால், வெண்தொண்டைக் கதிர்க்குருவிகளோ பிளாக்கேப் என்ற இன்னொரு வகைக் கதிர்க்குருவிகளோ உள்ளே இருக்கின்றன. அலகின் ஓரத்தில்கூடச் சாறு ஒட்டிக் காய்ந்திருக்கும்.

வழியை யார் சொல்லிக் கொடுத்தது?

புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். குக்கூ குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மற்ற பறவையின் கூட்டில் முட்டையிடும். ஜூனிலேயே வளர்ந்த குயில்கள் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பத் தொடங்கிவிடும். அவை காங்கோ ஆற்றுப் படுகைக்குப் போகின்றன என்பதை 2011 முதல் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறது. இளங்குயில் அதற்குப் பிறகுதான் தனியாகப் புறப்படும். பெற்றோரை அது பார்த்ததே இல்லை. வளர்த்த குருவிக்கோ அந்த ஊருக்கு வழி தெரியாது. ஆனாலும் அது ஆப்பிரிக்கா போய்ச் சேருகிறது.

எந்தத் திசையில், ஏறத்தாழ எத்தனை நாள் என்பது பிறவியிலேயே உடலில் எழுதப்பட்டு வருகிறது. இதற்கு நல்ல சான்று சசெக்ஸின் ஒரே புதருக்குள்ளேயே கிடைக்கும். வெண்தொண்டைக் கதிர்க்குருவியும், அதன் சின்னத் தம்பி போலிருக்கும் சிறு வெண்தொண்டைக் கதிர்க்குருவியும் ஆகஸ்டில் ஒரே எல்டர் பழத்தைத் தின்றுகொண்டிருக்கும். கிளம்பும்போது முதலாவது தென்மேற்கே திரும்பி, ஸ்பெயின் வழியாக மேற்கு ஆப்பிரிக்கா போகும். இரண்டாவது தென்கிழக்கே திரும்பி, இத்தாலி வழியாக மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கம் சுற்றிச் சூடான், எத்தியோப்பியா பக்கம் இறங்கும். ஒரே கிளையிலிருந்து வேறுவேறு திசைகள். இந்தக் குன்றுகளைப் பற்றி நான் அறிந்ததில் என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான்.

திசையைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் பறவையிடமே இருக்கின்றன. 1960-களில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வோல்ஃப்காங் வில்ச்கோ ராபின் பறவைகளைக் கூண்டில் வைத்து, சுற்றியிருந்த காந்தப் புலத்தை மாற்றினார். பறவைகள் தத்திப் போக முயன்ற திசையும் மாறியது. சூரியன் மறையும் இடம், விண்மீன்கள் சுழலும் மையம் ஆகியவற்றையும் அவை பயன்படுத்துகின்றன.

அப்படியென்றால் அனுபவத்துக்கு இடமே இல்லையா? உண்டு. 1958-ல் டச்சு ஆய்வாளர் பெர்டெக் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கியது. நெதர்லாந்தில் வலசையின் நடுவே பிடித்த ஸ்டார்லிங்குகளை, மைனா இனப் பறவைகள் அவை, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பே ஒருமுறை போய் வந்த பெரிய பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு தங்கள் வழக்கமான இடத்தின் பக்கம் திரும்பின. முதல்முறை போகும் இளசுகள் மட்டும் பிறவித் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் நின்றன. ஆகஸ்டில் குன்றுப் புதர்களில் நாம் பார்க்கும் பறவைகளில் பெருவாரி இப்படிப்பட்ட இளசுகள்தாம். பிறந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். கடலை அவை பார்ப்பதும் அதுவே முதல்முறை.

இத்தனை சீக்கிரம் ஏன்?

ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெயிலும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது. அப்புறம் ஏன் கிளம்ப வேண்டும்? பகல் நீளம் குறையத் தொடங்குவதை உடல் உணர்ந்தவுடன் பசி கூடும், இரவில் நிலைகொள்ளாமை வரும். கூண்டில் அடைத்து வைத்தாலும், கிளம்ப வேண்டிய வாரங்களில் இரவெல்லாம் பறவைகள் படபடத்துக்கொண்டிருக்கும். அதன் பின்னே உள்ள காரணத்தை ஆப்பிரிக்காவில் தேட வேண்டும். சகாராவுக்குத் தெற்கே சாஹேல் என்ற வறண்ட பட்டையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மழை முடியும் தறுவாயில் போய் இறங்கினால் புல்லும் பூச்சியும் நிறைந்திருக்கும். பிந்தினால் காய்ந்துபோன நிலம்தான் மிஞ்சும்.

அந்த மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 1969-ல் இங்கிலாந்து பார்த்தது. முந்தின குளிர்காலத்தில் சாஹேலில் கடும் வறட்சி. வசந்தத்தில் வெண்தொண்டைக் கதிர்க்குருவிகள் திரும்பி வரவில்லை, ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே ஆண்டில் காணாமல் போயின. சசெக்ஸ் புதர்களில் எந்தக் குறையும் இல்லை. குறை 4,000 கி.மீ.க்கு அப்பால் இருந்தது.

உழவாரக் குருவிதான் எல்லாவற்றிலும் அவசரக்காரப் பறவை. மே தொடக்கத்தில் வந்து, ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறப்பதற்குள் பெரும்பாலும் போய்விடும். கூட்டை விட்டுக் கிளம்பினால் அடுத்த ஆண்டு கூடு கட்டும் வரை ஏறத்தாழ 10 மாதங்கள் அது காற்றிலேயே இருக்கக்கூடும் என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கருவி பொருத்திக் காட்டினார்கள்.

வானிலையும் புதரும்

நேற்று நூறு பறவை இருந்த புதரில் இன்று ஒன்றுகூட இல்லாமல் போவது ஏன் என்று புதியவர்கள் குழம்புவார்கள். விடை இரவு வானில் இருக்கிறது. மேகமற்ற இரவு, வடக்கிலிருந்து லேசான காற்று என்றால் தயாராக இருந்தவை எல்லாம் கிளம்பிப் போய்விடும். உள்நாட்டிலிருந்து வருபவையும் குன்றின் மேலாகவே பறந்து கடலைத் தாண்டிவிடும். காலையில் நமக்கு ஒன்றும் இருக்காது, பறவைக்கு அது நல்ல இரவு.

தெளிந்த வானமாகத் தொடங்கி, விடியும் முன் மேகம் மூடித் தூறல் போட்டால் நிலைமை மாறும். நடுவானில் இருப்பவை விண்மீன்களைத் தொலைத்து, நனைந்து, முதலில் தென்பட்ட தரையில் இறங்கும். கடல் எதிரே இருந்தால் அந்தத் தரை கரையோரக் குன்றுதான். பீச்சி ஹெட்டுக்கு மேற்கே பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் காற்றில் வளைந்த சின்னத் தோப்பு ஒன்று உண்டு. இப்படிப்பட்ட காலைகளில் அங்கே கிளைக்குக் கிளை கதிர்க்குருவி இருக்கும். கிழக்குக் காற்று சேர்ந்துகொண்டால் ஐரோப்பியக் கண்டத்தின் வழியே தெற்கே போகவேண்டிய பைட் ஃப்ளைகேச்சர் போன்ற ஈப்பிடிப்பான்களும், எப்போதாவது எறும்புதின்னி மரங்கொத்தி இனமான ரைனெக்கும் இந்தப் பக்கம் ஒதுங்கும்.

வீட்டியரும் மேய்ப்பர்களும்

இந்தக் குன்றுகளுக்கே உரிய பறவை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டியர் என்பது சிட்டுக்குருவியைவிடச் சற்றே நிமிர்ந்து நிற்கும் தரைப்பறவை. புல்லில் நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைத் தாழ்த்தி நிமிரும். பறக்கும்போது வாலடியில் பளீரென்று வெள்ளை தெரியும். எடை 25 கிராமை ஒட்டி. அலாஸ்காவில் கூடு கட்டும் வீட்டியர்கள்கூட ஆசியா முழுவதையும் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகின்றன என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது, ஒருவழிப் பயணமே சுமார் 14,500 கி.மீ.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சசெக்ஸ் மேய்ப்பர்கள் இதைப் பிடித்து விற்றுக் கொஞ்சம் காசு பார்த்தார்கள். புல்தரையில் ஒரு துண்டை மண்ணோடு வெட்டியெடுத்து, குழியின் மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். உள்ளே குதிரைமயிர்ச் சுருக்கு. மேகத்தின் நிழல் ஓடினாலே மிரண்டு ஏதாவது பொந்துக்குள் புகுந்துவிடும் பழக்கம் வீட்டியருக்கு உண்டு. அந்தக் குழிக்குள் புகுந்தால் முடிந்தது. பிரைட்டன், ஈஸ்ட்போர்ன் கோழிக்கறிக் கடைகளில் அவை டஜன் கணக்கில் தொங்கும், பணக்கார வீட்டு விருந்துக்குப் போகும். வழியில் போகிறவர் சுருக்கிலிருந்து ஒரு பறவையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு பென்னி வைத்துவிட்டுப் போவதும் வழக்கமாக இருந்தது. ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரைதான் இந்த வேட்டை. ஆப்பிரிக்கா போகச் சேர்த்த கொழுப்புதான் அந்தக் கறிக்கு ருசி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஓய்ந்தது.

வேட்டை நின்ற பிறகும் வீட்டியருக்கு நல்ல காலம் பிறக்கவில்லை. அது குட்டைப் புல்லில் இரை தேடி, முயல் வளையில் கூடு கட்டும் பறவை. இரண்டாம் உலகப் போரின்போது உணவுக்காகக் குன்றுகளில் பெரும்பகுதி உழப்பட்டது. 1953-ல் மிக்சோமடோசிஸ் என்ற நோய் இங்கிலாந்துக்குள் வந்து சில ஆண்டுகளில் முயல்களைத் துடைத்துப் போட்டது. முயலும் ஆடும் மேயாத சரிவுகளில் முட்புதர் பரவியது. இன்று குன்றுகளில் வீட்டியர் கூடு கட்டுவது அரிது, வலசையில் வந்து போவதைத்தான் பார்க்க முடிகிறது. அதே முட்புதர்தான் கதிர்க்குருவிகளுக்குக் கட்டுச்சோறு கொடுக்கிறது.

சீமைச் சுண்ணாம்புப் புல்வெளி அருகிவரும் நிலம். அதன் ஆர்க்கிட் மலர்களையும் நீல வண்ணத்துப்பூச்சிகளையும் காக்கப் புதரை வெட்டுவது தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்த முனைகளிலும் பழைய கோட்டை மேடுகளின் சரிவுகளிலும் எல்டரையும் பிளாக்பெரியையும் தாராளமாக விட்டு வைக்க வேண்டும். வொர்திங் ஊருக்கு வடக்கே உள்ள சிஸ்பரி ரிங் இதற்கு நல்ல உதாரணம். இரும்புக் காலக் கோட்டை அது. அதற்கும் வெகு முன்னால் கற்கால மக்கள் சிக்கிமுக்கிக் கல் தோண்டிய குழிகளும் அங்கே உண்டு. அந்தக் குழிகளிலும் கரைகளிலும் வளர்ந்த புதர்களில் ஆகஸ்ட் இறுதியில் ரெட்ஸ்டார்ட்டுகள் ஆரஞ்சு வாலை நடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே ஆடு மேய்கிறது, கீழே புதர் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் சாத்தியமாகிறது.

கரையில் சேறு

குன்றிலிருந்து இறங்கினால் கதை மாறிவிடும். கக்மியர் கழிமுகம், பாகம் துறை, சிச்செஸ்டர் துறை, ரை துறை ஆகிய இடங்களில் வலசைப் பறவையின் தீனி சேற்றுக்குள் இருக்கிறது. புழு, நத்தை, சிறு இறால். நீளக் கால், நீள அலகுப் பறவைகளின் உலகம் அது. நேரத்தை இங்கே ஓதம்தான், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான், தீர்மானிக்கும், சூரியன் அல்ல. தண்ணீர் வடிந்தால் பறவைகள் தூரச் சேற்றில் சிதறிவிடும். ஏறும்போது அவை கரையை நோக்கித் தள்ளப்பட்டு, கடைசியில் கூழாங்கல் மேட்டிலோ உப்புச் சதுப்பிலோ நெருக்கியடித்து நிற்கும். ஓதம் உச்சம் தொடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போனால் எல்லாம் நம்மைத் தேடி வரும்.

பாகம் துறையில் ஒரு காலத்தில் கடலை அடைத்து வயலாக்கியிருந்தார்கள். 1910-ல் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மறுபடி துறையாக்கிவிட்டது. அதன் பக்கத்தில் மெட்மெரியில் 2013-ல் மனிதர்களே கடற்சுவரை வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள், பின்னால் உள்ள ஊர்களை வெள்ளத்திலிருந்து காக்க. அடுத்த ஆண்டே நம் ஊர் ஏரிகளில் சாதாரணமாகப் பார்க்கும் நெடுங்கால் உள்ளான் ஒரு ஜோடி அங்கே குஞ்சு பொரித்தது. பிரிட்டனில் அது பெரிய செய்தி.

ஆகஸ்டில் இந்தத் துறைகளுக்கு வரும் கர்லூ சேண்ட்பைப்பர், வளைந்த அலகுடைய உள்ளான், சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் பிறந்தது. கொசு உள்ளானும் அந்தப் பக்கத்து வடக்கிலிருந்து வருவதுதான். இவற்றின் ஒரு பங்கு மேற்கே ஐரோப்பியக் கரைகள் வழியாக ஆப்பிரிக்கா போகிறது, இன்னொரு பங்கு தெற்கே இறங்கி நம் கோடியக்கரை உப்பளங்களுக்கும் பழவேற்காட்டுக்கும் இலங்கையின் மன்னாருக்கும் வருகிறது. தகைவிலான் அப்படியல்ல, தமிழ்நாட்டு மின்கம்பிகளில் குளிர்காலத்தில் உட்காருபவை ஆசியாவில் பிறந்தவை, சசெக்ஸிலிருந்து வந்தவை அல்ல.

சசெக்ஸ் தகைவிலான் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. பக்கத்து ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட், 18-ஆம் நூற்றாண்டின் மிகக் கூர்மையான பறவை நோக்கர். குதிரையில் இந்தக் குன்றுகளைத் தாண்டி ஆண்டுதோறும் போய் வந்தவர். அவருக்கே சில தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கோ ஒளிந்து தூங்குகின்றனவோ என்ற ஐயம் தீரவில்லை. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்பவர் தன் வீட்டு வாசலில் கூடு கட்டிய தகைவிலானுக்கு வளையம் மாட்டினார். 1912 டிசம்பரில் அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. சுமார் 10,000 கி.மீ. தூரத்துக்கு முதல் சான்று அந்த ஒரு சின்ன உலோக வளையம்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். இரவில் இறங்கியவை பசியோடு இருக்கும், வெயில் முதலில் படும் பக்கத்துப் புதரில் பூச்சி முதலில் அசையும். வெயிலுக்கு முதுகு காட்டி, அந்தப் பக்கத்தை நோக்கி நில்லுங்கள். நடந்துகொண்டே தேடுவதைவிட ஒரே இடத்தில் அரைமணி நிற்பது எப்போதும் அதிகம் தரும்.

ஆட்டுவேலிக் கம்பியிலும் கம்பத்திலும் வீட்டியரும், வின்சாட் என்னும் சிறு பறவையும் உட்கார்ந்திருக்கும். மாடு மேயும் இடத்தில் அவற்றின் காலடியில் மஞ்சள் வாலாட்டி, மாடு நகர நகர எழும் ஈயைக் கொத்தும். புதருக்குள் பட்டாணிக்குருவிக் கூட்டம் கத்திக்கொண்டு போனால் அதை விடாதீர்கள், பாதுகாப்புக்காக அதோடு கதிர்க்குருவிகளும் சேர்ந்து திரியும்.

வில்லோ வார்ப்ளரையும் அதைப் போலவே இருக்கும் சிஃப்சாஃப் என்ற கதிர்க்குருவியையும் பிரிப்பதில்தான் எல்லாரும் திணறுவார்கள். கால்களின் நிறத்தைப் பாருங்கள். முன்னதுக்கு வெளிர் பழுப்பு, பின்னதுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. சிஃப்சாஃப் வாலைக் கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் முதல் பாதியில் மார்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக ஒன்று தெரிந்தால் அது அநேகமாக இளம் வில்லோ வார்ப்ளர். செப்டம்பர் பாதிக்கு மேல் சிஃப்சாஃப்தான் மிகுதி.

பீச்சி ஹெட், செவன் சிஸ்டர்ஸ் கடற்பாறைகள் பக்கம் போனால் விளிம்பை விட்டுப் பல மீட்டர் தள்ளியே நில்லுங்கள். சீமைச் சுண்ணாம்பு முன்னறிவிப்பு இல்லாமல் பெரிய பாளமாகச் சரியும், அடியில் அரித்துப் போயிருப்பது மேலிருந்து தெரியாது. பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே 1999-ல் 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. கீழே கடற்கரையில் நடப்பவர்களும் பாறையை ஒட்டி நடக்கக் கூடாது. பறவை பார்க்க விளிம்பு தேவையும் இல்லை, அவை இருக்கும் புதர்கள் எல்லாம் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன.